உப்புத் தண்ணீரில் எரிந்த பல்பு

கழற்றிய ரேடியேட்டரை இரண்டு கையாலும் தூக்கி வந்து, என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த முக்காலிக்கு முன்னால் தொப்பென்று போட்டார் சுடலைமுத்து அண்ணாச்சி. உள்ளே மிச்சமிருந்த பச்சைத் தண்ணீர் தெறித்து என் சேலைக் கொசுவத்தில் பட்டது. அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் மத்தியானச் சாப்பாட்டை நானே பட்டறைக்குக் கொண்டு போயிருந்தேன். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"அஞ்சு மாசத்துல இது ஒழுகுதது மூணாவது தடவ வே. இனிமே உம்ம கை என் வண்டியில படப்பிடாது" என்றார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும். சாதாரணக் குரலில், பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் வேலாயுதம் முக்காலியிலிருந்து குனிந்தார். ரேடியேட்டரைத் திருப்பிப் போட்டு, தான் பற்றவைத்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்ததா, எண்பது பிறந்த பிறகா என்று எனக்கு நிச்சயமில்லை. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. இந்தத் தொடரில் நான் என் பெருமைகளை ரொம்பவும் அடக்கி வாசிப்பதாக ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். இந்த வாரம் அடக்கப் போவதில்லை.

குமிழி பார்க்கிறவர்

எங்கள் பட்டறை சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருந்தது. தகரம் போட்ட ஒற்றைச் சாய்ப்பு. ரேடியேட்டர் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: வண்டியின் முன்பக்கம் இருக்கும் தண்ணீர்ப் பெட்டி. எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர், அதிலுள்ள மெல்லிய குழாய்களில் இறங்கிக் காற்றில் ஆறி, மறுபடியும் எஞ்சினுக்குப் போகும். குழாய் ஒழுகினால் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து அடைக்க வேண்டும். அதுதான் என் வீட்டுக்காரருடைய தொழில்.

பற்றவைத்து முடித்ததும் சிமெண்டுத் தொட்டியில் ரேடியேட்டரை முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். மற்றவர்கள் ஒரு நிமிடம் பார்ப்பதை இவர் கால்மணி நேரம் பார்ப்பார். ஒரே ஒரு குமிழி வந்தால் போதும், பற்றிய ஈயம் முழுவதையும் உருக்கி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டில் சொட்டுகிற குடத்தைப் பற்றவைக்கச் சொன்னால் மட்டும் மூன்று மாதமாகும்.

அப்படிப்பட்ட கையைப் பார்த்துத்தான் அண்ணாச்சி அந்தப் பேச்சுப் பேசினார். டாக்சி ஸ்டாண்டில் அவர்தான் மூத்தவர். அவர் வாயைத் திறந்தால் மற்ற டிரைவர்களுக்கு அது வேதவாக்கு. அடுத்த வாரமே இரண்டு பேர் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு வெளியூருக்குப் பஸ்ஸில் போனார்கள். பட்டறையைத் தாண்டும்போது அதைத் துண்டால் மூடிக்கொண்டு, எங்களைப் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒழுகுவதை மறைக்கலாம், அவ்வளவு பெரிய ரேடியேட்டரை மறைக்க முடியுமா?

இவருக்குச் சாப்பாடு குறைந்தது. ஒருநாள் கை கழுவிக்கொண்டே, மதுரையில் ஒரு பெரிய பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், இதை மூடிவிட்டுப் போய்விடலாமென்று பார்க்கிறேன் என்றார். பற்றவைக்கும்போது கை நடுங்குகிறதோ என்று தனக்கே சந்தேகமாக இருக்கிறதாம். எனக்கு இங்கே வேலை, பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடம். அதையெல்லாம்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். கெட்ட பெயரோடு ஊரைவிட்டுப் போவதா என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

வேகாத பருப்பு

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்தது ராயகிரி. மலைப் பக்கம் என்பதால் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரம் சாம்பாருக்குப் பருப்புப் போட்டேன். அது வேகவில்லை. விறகு தீர்ந்ததே தவிரப் பருப்பு கல்லாகவே கிடந்தது. ராயகிரிக்காரிக்குப் பருப்பு வேகவைக்கத் தெரியவில்லை என்று என் மாமியார் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் இரண்டு அடுப்பில் இரண்டு சட்டி வைத்தேன். ஒன்றில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே பருப்பு, ஒரே அளவு. குழாய்த் தண்ணீரில் போட்டது சீக்கிரமே குழைந்துவிட்டது. மற்றது அப்படியே கிடந்தது. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டையும் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, "சரி, இம்புட்டுப் பருப்பையும் யாரு திங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுதான் அவர் தோல்வியை ஒத்துக்கொண்ட விதம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் கரிசல்காட்டுக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். வண்டி சூடேறினால் டிரைவர்கள் கைக்கு எட்டிய தண்ணீரை ஊற்றுவார்கள். மாட்டுத் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றியவரையும் எனக்குத் தெரியும். தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்பது ஸ்டாண்டின் கொள்கை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பள்ளியில் நான் ஆய்வக உதவியாளர். டீச்சர் இல்லை. சோதனைக் குழாய் கழுவுவதும், பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டுவதும், பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்ப்பதும் என் பொறுப்பு. எல்லோருக்கும் நான் 'லேப் அக்கா'. வருடக்கணக்கில் பின்னால் நின்று கேட்டதில், பாடம் எனக்குச் சில டீச்சர்களைவிட நன்றாகவே தெரியும். அடக்கி வாசிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆசிட்டால் வந்த சண்டை

அண்ணாச்சி போட்டுவிட்டுப் போன ரேடியேட்டரின் அடியில் ஒரு தம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. குற்றம் தண்ணீரில் இருக்குமோ என்ற சந்தேகத்தில் அதை ஒரு டானிக் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கெமிஸ்ட்ரி டீச்சரிடம் அனுமதி கேட்டு, அந்தத் தண்ணீரை வடிகட்டி அதில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். எங்கள் குழாய்த் தண்ணீரில் விட்டால் லேசாகப் பால் கலந்த மாதிரி கலங்கும், அவ்வளவுதான். இது தயிராகவே திரிந்து அடியில் உட்கார்ந்தது.

உப்புத் தண்ணீர் செம்பையும் ஈயத்தையும் அரிக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பற்றவைக்கும் முன்னால் செம்பில் அழுக்குப் போக, துத்தநாகம் கரைத்த ஆசிட்டைத் தடவுவார்கள். அதைச் சரியாகக் கழுவாமல் விட்டாலும் சில்வர் நைட்ரேட் இதே மாதிரிதான் திரியும். அந்த ஆசிட்டும் உலோகத்தை அரிக்கும். அப்படியானால் அண்ணாச்சி சொன்னது நியாயமான பேச்சாகிவிடும்.

இதை நல்லபடியாகக் கேட்டிருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாது. சோறு போடும்போது, "ஆசிட்டை ஒழுங்காக் கழுவுதீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இவர் சோற்றில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. ஊரே கையை நீட்டிக் குற்றம் சொல்லும்போது பெண்டாட்டியும் கையை நீட்டினால் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்தாலும் எனக்கு மனசு வலிக்கிறது. ஆனாலும் கேட்காமல் விட்டிருக்க முடியாது.

மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனேன். ஒரு லாரி ரேடியேட்டரைப் பற்றவைத்து முடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கழுவிக் கொட்டுவது வழக்கம். மூன்றாவது தண்ணீரைக் கொட்டும் முன் நான் பாட்டிலை நீட்டினேன். இவர் எனக்குப் பிடிக்க வசதியாக ரேடியேட்டரைச் சாய்த்துக் கொடுத்தார்.

அந்தத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எவ்வளவு கலங்குமோ அவ்வளவுதான் கலங்கியது. துளிகூட அதிகமில்லை. இரண்டையும் அருகருகே வைத்து மூன்று தடவை பார்த்தேன். லேபில் யாரும் இல்லை, நன்றாக அழுதேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உங்கள் கை சுத்தம் என்று சொன்னேன். எனக்குத் தெரியும் என்றார். தெரிந்தவர் எதற்கு மதுரைக்குப் போகப் பார்த்தாராம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அன்றைக்கு ஒருநாள் நாக்கை அடக்கினேன்.

ஸ்டாண்டில் நான்கு பீக்கர்

எனக்குத் தெரிந்தால் போதுமா? ஸ்டாண்டுக்குத் தெரிய வேண்டும். சில்வர் நைட்ரேட்டை அங்கே கொண்டுபோய்த் திரிய வைத்தால் மாயாஜாலம் என்பார்கள். டிரைவர்களுக்குப் புரிகிற ஒரே சாட்சி பேட்டரியும் பல்பும்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டு நான்கு கண்ணாடி பீக்கர்களும் ஒரு வோல்ட்மீட்டரும் வாங்கிக்கொண்டேன். உடைந்தால் உன் பொறுப்பு என்று தலைமையாசிரியை எழுதி வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் இவரும் ஸ்டாண்டுக்குப் போனோம். அண்ணாச்சி அதற்குள் வெளியூரில் வேறொரு ரேடியேட்டர் வாங்கி மாட்டியிருந்தார். இவர் கை அதில் படவே இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. உங்கள் வண்டித் தண்ணீர் ஒரு தம்ளர் வேண்டும் என்று கேட்டேன். அவர் மகள் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். மறுக்க முடியாமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பழைய பேட்டரியிலிருந்து எடுத்த இரண்டு ஈயத்தகடுகளை ஒரு மரச்சட்டத்தில், ஒன்றையொன்று தொடாமல் இவர் கட்டிக் கொடுத்திருந்தார். பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, வெட்டிய நுனிகளைத் தகடுகளில் இணைத்திருந்தோம். தகடுகளைத் தண்ணீரில் இறக்கினால், தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவுக்குப் பல்பு எரியும்.

லேபில் காய்ச்சி வடித்த தண்ணீரில் இறக்கினேன். பல்பு எரியவே இல்லை. குழாய்த் தண்ணீரில் இறக்கினேன். கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் இழை சிவந்திருப்பது தெரிந்தது. குருவிகுளம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளாக எரிந்தது. அண்ணாச்சி வண்டித் தண்ணீரில் இறக்கியபோது பளிச்சென்று எரிந்தது. தகடுகளைச் சுற்றித் தண்ணீர் நுரைத்தது. சவாரிக்குக் கூப்பிட வந்த ஒருவரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்.

அடுத்து வோல்ட்மீட்டர். ஒரு ஒயரைப் பேட்டரியின் எர்த் முனையில் கோத்து, மறு ஒயரைத் திறந்த ரேடியேட்டரின் தண்ணீரில், உலோகத்தில் படாமல் பிடித்தேன். வண்டியைக் கிளப்ப அண்ணாச்சியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எஞ்சின் முனகிக்கொண்டு சுற்றியது, முள் துள்ளியது. தண்ணீரில் கரண்ட் வருகிறது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். இவருக்கு மட்டும் அது வேறு எதையோ சொன்னது. டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

விஷயம் இதுதான். எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் ரேடியேட்டரையும் இணைக்கும் குழாயும் ரப்பர். எஞ்சினுக்கு வந்த கரண்ட் வண்டியின் உடம்புக்குத் திரும்பிப் போக ஒரு செம்புப் பட்டை உண்டு. எர்த் பட்டை என்பார்கள். அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் கரண்ட் வேறு வழி தேடும். ரப்பர் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அதற்கு ஒரு வழி. உப்புத் தண்ணீரானால் அகலமான ரோடு. போகிற போக்கில் செம்பையும் ஈயத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போகும்.

அண்ணாச்சி போன ஆயுத பூஜைக்கு பானெட்டுக்கு உள்ளே முழுவதும் வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார். ஊரே வந்து பார்த்து மெச்சியது. ஒரு இடம் விடக்கூடாது என்று எர்த் பட்டையையும் கழற்றி, அது உட்காரும் இடத்தில் இரண்டு கோட் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே பட்டையை முடுக்கியிருந்தார். இவர் அந்த இடத்தை அரத்தால் தேய்த்து உலோகம் மின்னும்படி செய்து மறுபடி முடுக்கினார். செல்ஃப் அடித்ததும் எஞ்சின் சட்டென்று பிடித்துக்கொண்டது. முள் அசைந்ததோடு சரி. பேட்டரி செத்துவிட்டது என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சி.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி பெயிண்டைப் பற்றி யோசிக்கவில்லை, உப்பைப் பற்றி யோசித்தார். எவனோ வேண்டுமென்றே போட்டிருக்கிறான் என்றார். வரிசையில் முந்துவது பற்றி அவருக்கும் அய்யாத்துரை என்ற டிரைவருக்கும் பழைய தகராறு. நான் பீக்கரை எடுத்து வைப்பதற்குள் அய்யாத்துரையின் சட்டைக் காலர் அண்ணாச்சி கையில் இருந்தது.

என் வீட்டுக்காரர் பெயரைக் காப்பாற்ற நான் கொண்டு வந்த பல்பு இன்னொருத்தியின் வீட்டுக்காரர் பல்லை உடைக்கப் பார்க்கிறதே! நடுவில் புகுந்து, தினமும் தண்ணீர் ஊற்றுவது யார் என்று கேட்டேன். வீட்டில் பேச்சிதான் விடியற்காலையில் ஊற்றி வைப்பாள் என்றார் அண்ணாச்சி.

பேச்சியம்மாள் அவர் மனைவி. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது. செவ்வாய், வெள்ளியில் என் மகளுக்கு நான் என்ன செய்வேனோ அது நினைவுக்கு வந்தது. அதை அத்தனை ஆண்கள் மத்தியில் என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அண்ணாச்சி, சட்டைய விடுங்க. புதன்கெழம காலையில யாருன்னு நானே சொல்லுதேன். அதுவரைக்கும் யார் மேலயும் கை வைக்கப்பிடாது."

விட்டார். ஆனால் அய்யாத்துரையைப் பார்த்த பார்வையை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விளக்கேற்றும் நேரம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் பெட்ரோல் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு வெளியே போயிருந்தார். பேச்சி மதினி இரண்டு கை நிறையக் கல்லுப்பை அள்ளிக்கொண்டு, வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பானெட்டுக்கு நேரே நின்று கையை ஏற்றி இறக்கினாள். பிறகு உப்பை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள். வாளியை மூடி வண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அது விடிந்ததும் எங்கே போகும் என்று கேட்டேன். வெட்கப்படாமல் சொன்னாள்.

"கண்ணு பட்ட உப்பத் தண்ணியில கரைக்கணும், இல்லன்னா தீயில போடணும்பாவ. இதுல ரெண்டும் இருக்குல்லா. தண்ணியிலயும் கரையுது, எஞ்சின் சூட்டுல வேகவும் செய்யுது. இதவிட வேற எங்கன போய் ஊத்த, சொல்லு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் யோசித்த விதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. பெயிண்ட் அடித்த அன்று ஊரே வந்து பார்த்து மெச்சியதல்லவா, அந்தக் கண்ணுக்குத்தான் இவள் சுற்ற ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன்னால் ஒருதடவை அண்ணாச்சி வண்டியோடு பள்ளத்தில் இறங்கித் தோள்பட்டை இறங்கிக் கிடந்தவர். உப்புச் சுற்ற ஆரம்பித்த பிறகு வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்றாள். வாரம் இரண்டு தடவை ரேடியேட்டருக்குள் போன உப்பு எவ்வளவு என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்து நின்றேன்.

உட்கார வைத்துச் சொன்னேன். உப்பு என்ன செய்யும், கரண்ட் என்ன செய்யும், குழாய் எப்படி உள்ளிருந்து கரையும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலாயுதம் மேல் விழுந்த பழியைச் சொன்னேன். அய்யாத்துரை காலரைச் சொன்னேன். மதினி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

நான் அவளுக்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தேன். நாளைக்கு ஸ்டாண்டில், கரிசல்காட்டுக் கிணற்றுத் தண்ணீரால் வந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறேன், நீ வாளியை மட்டும் மாற்றிக்கொள் என்றேன். அதற்கு அவள் தலையாட்டவில்லை. பொய் சொன்னால் உன் வீட்டுக்காரருக்குப் போன பெயர் பாதிதானே திரும்பும் என்று கேட்டாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை

ஸ்டாண்டுக்குப் பெண்கள் வருவதென்றால் சவாரி கேட்டுத்தான் வருவார்கள். பேச்சி மதினி அன்று வெறும் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நானும் இவரும் முன்னாலேயே போய் நின்றிருந்தோம். அண்ணாச்சி அவளைப் பார்த்ததும் வீட்டில் என்னவோ ஏதோவென்று பதறி எழுந்தார்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

"உப்புப் போட்டது நாந்தான். கண்ணு படப்பிடாதுன்னு போட்டேன். அய்யாத்துர தம்பி மேலயும் குத்தமில்ல, வேலாயுதத்து மேலயும் குத்தமில்ல."

அண்ணாச்சி கோபப்படுவார் என்று நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாகப் போய் பானெட்டைத் தூக்கி, தன் வெள்ளிப் பெயிண்டைப் பார்த்தார். பிறகு மனைவியிடம், நீ உப்புப் போட்டாய், நான் பெயிண்ட் அடித்தேன், ரெண்டு பேருமாகச் சேர்ந்து அந்த ரேடியேட்டரைத் தின்றுவிட்டோம் என்றார். அய்யாத்துரை முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், மதினி உட்பட. அவர்கள் இருவரும் அந்த வண்டி மேல் வைத்திருந்த ஆசையை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பாகத்தான் இருக்கிறது.

அய்யாத்துரையின் காலரை அண்ணாச்சியே இழுத்துச் சரி செய்துவிட்டார். அதற்குப் பிறகு இவர் பக்கம் வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். டீக்கடையிலிருந்து நான்கு பேர் வரும்வரை காத்திருந்து, அன்று பேசிய அதே சாதாரணக் குரலில், "அன்னைக்கு எல்லாரும் கேக்கச் சொன்னேன், இன்னைக்கும் எல்லாரும் கேக்கச் சொல்லுதேன் வே. உம்ம கை சுத்தம். இந்த ரேடியேட்டரையும் நீரே கழத்திக் கழுவிக் குடும்" என்றார்.

இவர் தலையை மட்டும் ஆட்டினார். உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவ்வளவு பெரிய வார்த்தைக்கு இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அய்யாத்துரைக்கு மூன்று நாள் வாங்கிய பழிக்கு யாரையாவது சீண்ட வேண்டியிருந்தது போல. பொண்டாட்டி பல்பைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்ற வேண்டியதாகிவிட்டதே வேலாயுதம் என்று கேட்டார். பாதிப் பேர் சிரிக்கத் தயாரானார்கள். எனக்குச் சுருக்கென்றது. இவர் ஒருவேளை வெட்கப்படுவாரோ, இதற்குத்தான் நீ ஏன் வந்தாய் என்று வீட்டில் கேட்பாரோ என்று நினைத்தேன்.

இவர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார். கையை வேட்டியில் துடைத்தார்.

"காப்பாத்த வரல. என் கையில குத்தம் இருந்திருந்தா, அதையும் இவதான் மொத ஆளா இங்கன வந்து சொல்லியிருப்பா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. இவர் மறுபடியும் குனிந்து நட்டைக் கழற்ற ஆரம்பித்தார். மதினி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

பிற்காலத்தில் பள்ளியில் எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள், மேடையில் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். இவர் அன்று என்னைப் பார்க்காமலேயே சொன்ன அந்த வார்த்தைக்கு மேல் யாரும் என்னைப் பாராட்டியதில்லை.